சி ஷிப்ட் முடிந்த பிறகு

இருங்காட்டுக்கோட்டையில் வேகத்துக்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்த கார், பைக் பந்தயங்கள் 1990-ல் இங்கே குடிவந்தன. மூன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடம், பன்னிரண்டு வளைவுகள். எட்டு ஆண்டு கழித்து, 1998-ல், அதே ஊரின் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ சந்தைக்கு வந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் ஓடுகிறது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை.

தடத்தில் வண்டியை இறக்குவதற்கு முன்னால் ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள், போட்டிருக்கும் உடுப்பைக்கூட விடமாட்டார்கள். வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்பார். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக் கூடாது. கறுப்புக் கொடி காட்டினால் தடத்தைவிட்டு வந்துவிட வேண்டும். இருபது வயதுப் பையன், ரத்தம் கொதிக்கிற வயசு, மஞ்சளைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து கையைத் தளர்த்துகிறான். அதே வயதுப் பையன் சாயங்காலம் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் இடையில் வளைந்து நெளிந்து புகுந்து போகிறான். முதலாமவனுக்குக் கட்டுப்பாடு உண்டு, இரண்டாமவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எத்தனையோ சமயம் இருவரும் ஒரே ஆள்தான் என்பதுதான் சிக்கல்.

தடத்தில் கொடி எல்லோருக்கும் ஒன்று. மீறினால் தண்டனை நிச்சயம். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே பிரேக் பிடித்தவனைப் பார்த்து யாரும் 'என்னடா, பயந்துட்டியா?' என்று கேட்பதில்லை. சாலையில் பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பன் கேட்பான். வாயைத் திறந்து கேட்காவிட்டாலும், கேட்டுவிடுவானோ என்ற எண்ணமே போதும், கை தானாக முறுக்கும்.

ஆண்களின் அடக்கம் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஒற்றை ஆளின் நெஞ்சுரத்தைப் பற்றியே இருக்கிறது. குடிக்காதவன், கை நீட்டாதவன், சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறவன் என்றால் அவன் 'தங்கமான பையன்', மற்றவன் 'கெட்டுப்போனவன்'. அவனைச் சுற்றி யார் இருக்கிறார்கள், அவனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் இந்த ஆலைச் சாலையில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆயிரக்கணக்கான இளைஞர்களின் அடக்கம் இங்கே தினமும் மணிக்கணக்கில் விலைக்கு வாங்கப்படுகிறது.

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டுத் திருவண்ணாமலையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வருகிறான் ஒருவன். இப்போது பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். உள்ளே நுழையும்போதே போன் லாக்கருக்குப் போய்விடும். லைனில் ஒரு வேலைக்கு ஒரு நிமிடம் கூட இல்லை. அந்த நேரத்துக்குள் போல்ட்டை முறுக்கி அடுத்தவனுக்கு விட வேண்டும். மாற்று ஆள் வந்து நின்றால்தான் ஒன்றுக்குப் போகலாம். சூப்பர்வைசர் கத்தினால் பதில் பேசக் கூடாது. தூக்கம், பசி, கோபம், சிறுநீர் எல்லாவற்றையும் ஒரு கடிகாரத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு நிற்கும் எட்டு மணி நேரம் அது. ஏ ஷிப்ட் ஒரு வாரம், பி ஒரு வாரம், சி ஒரு வாரம் என்று மாறும்போது உடம்புக்கு இரவு எது, பகல் எது என்றே பிடிபடாமல் போகும்.

இது மனிதனுக்கு இயல்பாக வருகிற பழக்கம் அன்று. இங்கிலாந்தில் முதல் தலைமுறை ஆலைத் தொழிலாளர்களுக்கு மணியடித்து, அபராதம் போட்டு, பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் போதித்துத்தான் இதைப் பழக்க முடிந்தது என்று வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விரிவாகக் காட்டினார். சென்னைக்கு இது பெரம்பூர் வழியாக வந்தது. பக்கிங்ஹாம் - கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முக்கியமான முறையீடுகளில் ஒன்று. கூடவே நின்ற திரு.வி.க.தான் பின்னால் 'பெண்ணின் பெருமை' எழுதினார். ஆலை வாசலில் ஆண்களோடு நின்ற அனுபவமும் ஆண் எப்படி வாழ வேண்டும் என்ற கவலையும் அந்த மனிதரிடம் ஒன்றாகவே இருந்தன. பிற்காலத் தொழிற்சங்க மேடைகளில் இரண்டாவது கவலை ஏறக்குறைய மறைந்தே போனது. அது ஒரு நஷ்டம்.

கேட்டுக்கு வெளியே ஆண் என்ன செய்கிறான் என்பதில் அக்கறை காட்டிய முதலாளி ஒருவர் உண்டு. ஹென்றி ஃபோர்டு. 1913-ல் டெட்ராய்ட்டில் அவருடைய ஆலையில் ஆட்கள் நிற்கவே மாட்டேன் என்றார்கள். ஆண்டு முழுதும் வேலையைவிட்டுப் போனவர்களின் கணக்கு மொத்த ஆட்பலத்தைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். லைன் வேலையின் சலிப்பு அப்படி. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். உலகமே வியந்தது. அதில் பாதிக்குக் கிட்டத்தட்டத்தான் கூலி; மீதி 'லாபப் பங்கு'. அந்தப் பங்கு கிடைக்க ஆள் ஒழுக்கமாக இருக்க வேண்டும். ஒழுக்கத்தை அளக்க ஒரு தனித் துறையே வைத்தார். அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போய்க் குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா, மனைவியை எப்படி நடத்துகிறான் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள்.

அருவருப்பான ஏற்பாடுதான், சந்தேகமில்லை. சில ஆண்டுகளில் அது கலைந்தும் போனது. ஆனாலும் ஃபோர்டுக்கு ஒன்று தெரிந்திருந்தது: லைனில் அடக்கி வைத்தது லைனோடு முடிவதில்லை, வீட்டில் எங்கோ வெளிவரும், மறுநாள் காலை அது மறுபடி ஆலைக்குத்தான் வரும். அதே ஃபோர்டு கம்பெனி இங்கே மறைமலை நகரில் கால் நூற்றாண்டு கார் செய்துவிட்டு, 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு போய்விட்டது. எட்டிப் பார்க்கும் முதலாளி நமக்கு வேண்டாம். ஆனால் இந்தச் சாலையில் நடந்திருப்பது இன்னொரு கோடி. எட்டு மணி நேரத்தை வாங்கிக்கொள்கிறார்கள். மிச்சம் பதினாறு மணி நேரம் யாருடைய பொறுப்பும் இல்லை.

அந்தப் பதினாறு மணி நேரம் கழிகிற அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாத்தூரிலோ வல்லத்திலோ சுங்குவார்சத்திரத்துச் சந்துகளிலோ ஓர் அறைக்கு ஐந்தாறு பேர். ஏ ஷிப்ட்காரன் எழுந்து போன பாயில் சி ஷிப்ட்காரன் வந்து படுப்பான். கொடியில் நீலச் சட்டைகள், சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்டுக்கு மூன்று சார்ஜர். மத்தியானம் மூன்று மணிக்கு ஊரிலிருந்து போன் வரும். "சாப்டியாப்பா?" "சாப்டேம்மா." "வேல எப்படிப் போவுது?" "நல்லாப் போவுதும்மா." அவன் சாப்பிட்டிருக்க மாட்டான், கால் வீங்கியிருக்கும், அன்றைக்கு லைனில் வாங்கிய திட்டு காதிலேயே இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவனுக்கும் அது தெரியும். அவனும் தன் அம்மாவிடம் இதையேதான் சொல்வான். அறையில் ஆறு பேர் இருந்தும் ஒருவனாவது முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டான். சிரிப்பு உண்டு, கிண்டல் உண்டு, சினிமா உண்டு, சீட்டு உண்டு. இது மட்டும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜோசப் வாண்டெல்லோவும் ஜெனிபர் போசனும் 2008-லிருந்து ஒரு கருத்தைச் சோதனைகளால் வலுப்படுத்தி வருகிறார்கள். பெண் வளர்ந்து பெண்ணாகிவிட்டால் யாரும் அதைத் திரும்பப் பறிப்பதில்லை. ஆண் என்ற பெயரையோ சம்பாதிக்க வேண்டும், மற்றவர்கள் முன்னால் மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டும், அது ஒரே நாளில் பறிபோயும்விடலாம் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள் என்பது அது. ஒரு சோதனையில் சில இளைஞர்களைப் பொம்மைத் தலைக்குச் சடை பின்னச் சொன்னார்கள். வேறு சிலரைக் கயிறு பின்னச் சொன்னார்கள். விரல் செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. பிறகு, குத்துச்சண்டைப் பையைக் குத்துகிறாயா, புதிர் போடுகிறாயா என்று கேட்டபோது, சடை பின்னியவர்களே அதிகம் குத்துப் பையிடம் போனார்கள். இழந்ததாக நினைத்த ஒன்றை ஒரு குத்து விட்டுத் திரும்பப் பெற்றார்கள் போலும்.

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருகிறவர் இந்தச் சாலைக்காரர் ஒருவர். பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டைக்காரர், முதலியாண்டான். ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்த ராமாநுஜருக்குச் சகோதரி மகன், பெரிய வித்துவான். ராமாநுஜரின் குருவான பெரிய நம்பியின் மகள் அத்துழாய் விடியற்காலையில் குளிக்கப் போகத் துணை கேட்டபோது, 'சீதன வேலைக்காரியைக் கூட்டிவந்திருக்க வேண்டியதுதானே' என்று மாமியார் இடித்துக் காட்டினாளாம். பெண் அழுதுகொண்டே அப்பாவிடம் வந்தாள். அப்பா ராமாநுஜரைக் கைகாட்டினார். ராமாநுஜர் முதலியாண்டானைப் பார்த்தார். வேதாந்தம் பேசிய மனிதர் அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தார், அடுப்பு ஊதினார், சமைத்துப் போட்டார். குருபரம்பரைக் கதைகள் இதை அவருடைய பணிவுக்குச் சான்றாகச் சொல்கின்றன. எனக்கு வேறொன்றும் படுகிறது. சடை பின்னிய பையன் குத்துப் பையைத் தேடியதைப் போல இவர் எதையும் தேடவில்லை. ஏனென்றால் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருடைய கண் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திருவரங்கத்துக் கோஷ்டியில் அவருடைய இடம் அடுப்படிக்குப் போனதால் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

உறங்காவில்லி கதையும் அதே பரம்பரையிலிருந்துதான். உறையூர் மல்லன், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் சொக்கிப்போய், வெயில் அவள்மேல் படாமல் குடை பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே திருவரங்கத்துக் கூட்டத்தில் நடந்தான். ஊரே சிரித்தது. ராமாநுஜர் சிரிக்கவில்லை. கூப்பிட்டு ஏன் என்று விசாரித்தார். இதைவிட அழகான கண்ணைக் காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டு அரங்கனிடம் அழைத்துப் போனார். அவனை மனைவியைவிட்டுப் பிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்தே வந்து அடியாரானார்கள். பிறகு காவிரியில் நீராடிவிட்டு வரும்போது அந்த மல்லனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார் ராமாநுஜர், பார்த்தவர்கள் முகம் சுளித்தும்கூட. ஊர் சிரிக்கிற ஆணை நாலு பேர் நடுவில் திருத்த முயலாமல், அவனுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார்.

இந்தப் பரம்பரை முழுக்கவே மெச்சத்தக்கது என்று நான் சொல்ல வரவில்லை. ராமாநுஜர் தன் மனைவியிடம் இதே பொறுமையைக் காட்டினாரா? பூந்தமல்லித் திருக்கச்சி நம்பி சாப்பிட்ட இடத்தைத் தீட்டு என்று கழுவியது, கிணற்றடியில் பெரிய நம்பி மனைவியோடு சண்டை என்று தஞ்சமாம்பாள்மீது குற்றப்பட்டியல் வாசிக்கிற நூல்கள், அவரைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுக் கணவர் காஞ்சியில் துறவு வாங்கிக்கொண்டதை மங்கலச் செய்தியாகவே எழுதுகின்றன. அந்த அம்மாள் தரப்பை யாரும் எழுதவில்லை. சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் உள்ள மதுரமங்கலத்தில் பிறந்த எம்பாரும், ராமாநுஜரின் சித்தி மகன், மனைவியோடு தனித்திருக்க மனம் ஒட்டாமல் துறவியானவர். கட்டுப்பாடு என்றால் விலகிப் போவது என்ற வழி நமக்கு நெடுநாளாகப் பழக்கம். அது துறவிக்குச் சரி. சம்பளம் அனுப்ப வேண்டிய, தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டிய, நாளைக்குத் தானும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய பையனுக்கு விலகிப் போக இடம் ஏது?

கல்யாணம் என்றதும் இந்தச் சாலையில் முதலில் வரும் கேள்வி, "மாப்பிள்ளை பர்மனென்டா?" சாதி, ஜாதகம் எல்லாம் அதற்குப் பிறகு. டிரெய்னி என்றால் தரகர் பேச்சை மாற்றுவார். கான்ட்ராக்ட் என்றால் போனையே எடுக்கமாட்டார். பெரிய கம்பெனியின் பெயர் போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியவன், அந்த அட்டையில் எந்த வகை ஆள் என்று எழுதியிருக்கிறது என்பதை விரலால் மறைத்துக்கொள்கிறான். அவன் காத்திருக்கிறான். இரண்டு வருஷம் ஒழுங்காக இரு, லீவு போடாதே, வாயைத் திறக்காதே, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

காத்திருத்தல் என்பது உளவியல் நூல்களில் ஒரு குழந்தைக் கதையாக வரும். 1960-களின் பின்பாதியில் ஸ்டான்போர்டில் வால்டர் மிஷேல் ஆரம்பித்த சோதனை: குழந்தை முன்னால் ஒரு மிட்டாய், கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் இரண்டு. பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி அது உலகப் புகழ் பெற்றது. 2018-ல் இன்னும் பல குடும்பங்களின் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, வீட்டு வசதியையும் தாயின் படிப்பையும் கணக்கில் சேர்த்தால் அந்தத் தொடர்பு பெரிதும் தேய்ந்துபோனது. எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால், நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பாதிப் பேருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். மீதிப் பேரிடம் கையை விரிக்கிறார். பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். அந்த 3 நிமிடக் குழந்தையைப் புத்தி குறைந்தது என்று சொல்ல முடியுமா? வராத மிட்டாய்க்காகக் கையில் இருப்பதை விடாமல் இருப்பது சரியான கணக்கு.

தமிழ்நாட்டில் வாக்கு சட்டமாகவே இருக்கிறது. இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரமாக வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டின் சட்டம். ஆளைத் தொழிலாளி என்று அழைக்காமல் பயிற்சியாளர், அப்ரென்டிஸ் என்று அழைத்தால், அல்லது பெயர் வேறொரு கான்ட்ராக்டரின் பேரேட்டில் இருந்தால், அந்த 480 எண்ணத் தொடங்குவதே இல்லை. 2006-ல் ஆரம்பித்து ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்து ஸ்ரீபெரும்புதூரை உலக வரைபடத்தில் ஏற்றிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் தேதி நின்றபோது, நிரந்தரம் என்ற மிட்டாயே ஒன்பது ஆண்டுகூடத் தாங்காது என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. இதற்குப் பிறகும் இருபத்திரண்டு வயதுப் பையன் சம்பளத்தைச் சேர்த்துவைக்காமல் பைக்குக்கு மாதத் தவணை கட்டுகிறான் என்று குறைப்படுகிறோம்.

அதே 1981-ல்தான் தமிழ்நாட்டில் சாராயக் கடை மறுபடி திறந்தது. சட்டம் இயற்றியதும் கடை திறந்ததும் ஒரே அரசு, எம்.ஜி.ஆர். அரசு.

குடியைப் பற்றி நம் மாநிலம் நடத்திய நூறாண்டு விவாதத்தில் ஆணின் நெஞ்சுரம் பெரிதாகப் பேசப்பட்டதே தவிர அரசு என்றைக்கும் அதை நம்பியதில்லை. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சி தளர்த்தியது, பிறகு மூடியது, 1981-ல் திறந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-லிருந்து சில்லறை விற்பனையே அரசுக் கையில். இன்றைக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அந்த வழியாகக் கஜானாவுக்கு வருகிறது. வள்ளுவர் அடக்கமுடைமையை அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையையும் சூதையும், 93, 94 என்று அடுத்தடுத்த அதிகாரங்களாக, பொருட்பாலில் வைத்தார். அரசும் பொருளும் பேசும் பகுதியில் அவை இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் மூடின. அவற்றில் பல ஊருக்குள் நகரப் பார்த்தபோது பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. கடை இப்போது மத்தியானம் 12 மணிக்குத் திறக்கும் என்பது விதி. சி ஷிப்ட் முடிவதோ விடிகாலை. நடுவில் ஆறு மணி நேரம். அந்த நேரத்தில் சரக்கு எங்கே கிடைக்கும் என்பதை இந்தச் சாலையில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரவில் குடிக்கிறவனைப் பகலில் குடிக்க வைப்பது ஷிப்ட்தான். காலை ஏழு மணிக்கு அவனுக்கு அது சாயங்காலம். டீக்கடை, அறை, போன் என்று மூன்றே இடம். போனில் ரம்மி. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க தமிழ்நாடு 2020-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021-ல் சட்டமாக்கியது, அதை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் மறுபடி சட்டம். 2023-ல் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று நீதிமன்றத்தில் தப்பின. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று விதி. அந்த ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடை செய்தது. கடன் பட்டவனின் வீட்டில் இதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க நேரம் இருந்ததா என்பது வேறு விஷயம். இந்தியாவில் 2022-ல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பத்தில் ஏழு பேர் ஆண்கள். "நல்லாப் போவுதும்மா" என்று சொன்னவர்கள் அதில் எத்தனை பேரோ.

ஊர் என்ன சொல்லும் என்ற கண் ஒன்று. உடன் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் என்பது வேறு. முதலாவது ஆணை இறுக்கும். எங்கே உடைவான் என்று தெரியாது. இரண்டாவது அவனைத் தாங்கும். இந்த வித்தியாசத்தை 2024-ல் இந்தச் சாலையே எல்லோருக்கும் காட்டியது.

அந்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். குளிர்பதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் தொலைக்காட்சியும் செய்யும் ஆலை. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் இளைஞர்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது தலையாய கோரிக்கை. எச்சூர் அருகே பந்தல் போட்டு நீலச் சட்டையோடு உட்கார்ந்தார்கள். ஊர்வலம் போனபோது பிடித்துப் போனார்கள்; திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மழை வந்தது. சம்பளம் நின்றது. அக்டோபரில் ஓர் இரவு போலீஸ் பந்தலைப் பிரித்துப் பலரைக் கைது செய்தது. மறுநாள் திறந்த வெளியிலேயே உட்கார்ந்தார்கள். 37-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

இதே நாட்டில், இதே போன்ற கோபத்தோடு, 2009-ல் கோவையில் ஓர் ஆட்டோ உதிரிபாக ஆலையிலும் 2012-ல் மானேசர் மாருதி ஆலையிலும் மனிதவள அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள், எச்சூரில் உட்கார்ந்தவர்கள் நல்லவர்கள் என்று பிரிக்க எனக்கு மனமில்லை. 37 நாள் அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் ரத்தம் கொதிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கொதித்தபோது பக்கத்தில் தோளில் கைவைக்க ஆள் இருந்தது. மேடையில் பேசுகிறவருக்கு நாளைக்கு என்ன என்று தெரிந்திருந்தது. வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது. அங்கே ஒருவன், அநேகமாக முதல் தடவையாக, சூப்பர்வைசர் திட்டியதைப் பற்றியும் ஒன்றுக்குப் போக விடாததைப் பற்றியும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னான். அதைச் சொன்னதால் அவன் ஆண்பிள்ளை இல்லை என்று ஆகிவிடவில்லை. அறையில் நடக்காதது பந்தலில் நடந்தது.

ஆனால் அந்த 37 நாளும் ஆலை முழுதாக நின்றுவிடவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களும் பயிற்சியாளர்களும் உள்ளே போய் லைனை ஓட்டினார்கள். உட்கார்ந்தவர்களில் அநேகமாக எல்லோரும் நிரந்தரக்காரர்கள். உள்ளே போனவர்களைத் துரோகி என்று திட்டுவது சுலபம். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, தேதி கிடையாது, 480 நாள் கணக்கும் கிடையாது. பஸ் ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டு போவதைத் தவிர அவர்கள் என்ன செய்திருக்க முடியும் என்று யோசிக்கிறேன். பந்தலில் இருந்தவர்களுக்குக் கிடைத்த தோள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அரசு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஐபோன் பொருத்தும் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தது; 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சானதும் பெண்கள் இதே நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்ததுதான் அதற்கு வழி போட்டது. டிரெய்னிப் பையன்கள் எதையும் மறித்ததில்லை. அவர்களுடைய பொறுமையை நம்பித்தான் இந்தச் சாலையின் அடுத்த ஆலைகளும் வந்துகொண்டிருக்கின்றன.